சாம்பிள் பார்க்காத லோடு

“ஹாரனை அமுக்குலே! அவன் என்ன மாமியார் வீட்டுக்கு விருந்துக்கா போறான்?”

பின் சீட்டிலிருந்து பொன்னுத்தங்கம் கத்தினாள். அவள் தம்பி மணிகண்டராஜ் ஹாரனை அமுக்கினான். முன்னால் போன பேப்பர் லாரி காது கேட்காததுபோல் நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஒடித்தான். எதிரே வந்த மினி பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. காரை அதில் நுழைத்து வெளியே எடுத்தான். மினி பஸ் டிரைவர் அவனுடைய பரம்பரையைப் பற்றி ஏதோ சொன்னார். நின்று கேட்க நேரமில்லை.

பொன்னுத்தங்கத்தின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார் அவள் கணவர் இராமகிருஷ்ணன். வலது கை நெஞ்சில். இடது கை மனைவியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். ஒரு வருடமாகக் கம்பெனியை அவள் பார்க்கிறாள். அவர் நெஞ்சுவலியைப் பார்க்கிறார்.

“அத்தான், எப்படி இருக்கு?”

“ஓட்டு மாப்ள.”

அவ்வளவுதான் பதில். வழக்கமாக இந்நேரம் அத்தான் ஊரைக் கூட்டியிருப்பார். ‘போறேன் மாப்ள, அக்காவைப் பாத்துக்க’ என்பார். கம்பெனி லைசென்ஸை யார் பேருக்கு மாற்ற வேண்டும், காரியத்துக்கு எந்தச் சமையல்காரரைக் கூப்பிடக் கூடாது என்பதுவரை சொல்லி முடிப்பார். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வேர்வை வரும். இன்று சட்டை காய்ந்திருந்தது. ஆள் சத்தமே இல்லை.

ஒரு வருடமாக வராமல் போக்குக் காட்டிய மாரடைப்பு இன்றைக்கு நிஜமாகவே வந்துவிட்டதோ? மணிகண்டராஜ் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

பொன்னுத்தங்கத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கம்பெனி போர்மேன் அருள்பாண்டி.

“அக்கா, இந்தூர் லோடு ரெடியாக் கெடக்கு. லாரிக்காரன் கத்துதான். ஏத்திரட்டுமா?”

“சாம்பிள் பாத்தியா?”

“அண்ணாச்சி இல்லாம எப்படிக்கா?”

“அண்ணாச்சி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. நீயே ஒரு பெட்டிய ஒடச்சுக் கொளுத்திப் பாரு. பாக்காம ஒண்ணு ஏறக் கூடாது, கேட்டியா?”

“திரும்பவுமாக்கா?”

“எது, சாம்பிளா?”

“இல்லக்கா, நெஞ்சுவலி.”

“வய்யி போனை.”

சாம்பிள் பார்க்காமல் லோடு ஏற்றுவதில்லை என்பது இராமகிருஷ்ணன் போட்ட சட்டம். எந்தச் சரக்கானாலும் ஒரு பெட்டியை உடைத்து, கம்பெனிக்குப் பின்னாலுள்ள பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பார். மேலே போக வேண்டியது மேலே போகிறதா, சுற்ற வேண்டியது சுற்றுகிறதா என்று பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் லாரியில் பெட்டி ஏறும். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட, முதல் தம்ளர் காப்பியைச் சாம்பிள் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார் என்று குடும்பத்தில் ஒரு கேலி உண்டு.

“ஏசியக் கூட்டுலே. புளுங்குது.”

“ஃபுல்லாத்தான்க்கா வச்சிருக்கேன்.”

“அப்ப ஒன் ஏசி ரிப்பேரு.” பொன்னுத்தங்கம் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். “இந்தப் பல்லு வேற. தாடை பூரா இளுக்குது.”

“பல் டாக்டர்கிட்டப் போன்னு எத்தன தடவ சொல்றது?”

“தீபாவளி சீசன் முடியட்டும். வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்.”

இராமகிருஷ்ணன் கண்ணைத் திறந்து மனைவியின் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

“வேகமாப் போ மாப்ள,” என்றார்.

*

போன வருடம் இதே சீசனில் கம்பெனியின் கலவை ஷெட் ஒன்று வெடித்துப் போனது. சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஷெட்டில் யாரும் இல்லை. மறுநாள் பேப்பரில் ‘அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை’ என்று போட்டிருந்தது. இராமகிருஷ்ணன் அதைச் சத்தமாக வாசித்தார். இட்லி சாப்பிட்டார். சட்னி நன்றாயிருக்கிறது என்று இன்னொரு இட்லி வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, தெருவில் யாருடைய டி.வி.எஸ். டயரோ வெடித்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள். டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோவும் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். நார்மல் என்று சொல்லச் சொல்ல அவருக்கு வலி கூடியது. சோறு இறங்கவில்லை. ராத்திரித் தூக்கம் போனது. இல்லாத பிரஷர் வந்தது. இருந்த சுகர் ஏறியது. அவர் தூங்காததால் பொன்னுத்தங்கமும் தூங்கவில்லை. விடிந்ததும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். அவளுக்கு எதையும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் மனநல டாக்டர் சீனிவாசகத்திடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் அவசரப்படாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வலி பொய்யில்ல. ஷெட்டு வெடிச்சது உங்க மூளைக்கு இன்னும் முடியல. அது ‘ஓடு, ஓடு’ன்னு கத்துது. உடம்பு ஓடுறதுக்குத் தயாராகுது. ஓட எடமில்ல. அதான் நெஞ்சு அடிச்சுக்குது, வேர்க்குது, வலிக்குது. மனசுல வந்த நோய் உடம்புலதான் வலிக்கும். வேற எங்க வலிக்கும்?”

குடும்பம் இதில் ‘வலி பொய்யில்ல’ என்பதை அங்கேயே விட்டுவிட்டு, ‘மனசு’ என்ற ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இராமகிருஷ்ணன் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: “மாத்திரை போட்டீகளா?”

போட்டார். தவறாமல் போட்டார். வலி வருவது குறைந்தது. ஆனால் கவலை இடம் மாறியது. வாட்ச்மேன் கோட்டைச்சாமி இருமினால் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்ததில் பீடி தவிர வேறு பிரச்சினை இல்லை என்று வந்தது. மணிகண்டராஜின் முதுகிலிருந்த மச்சம் பெரிதாகிறது என்றார். பொன்னுத்தங்கத்தின் பல்வலிக்கு ஆஸ்பத்திரிக்கு வா என்று நச்சரித்தார். அவள் வரவில்லை என்று, லேபிள் பிரஸ் நடத்தும் மணிகண்டராஜுக்குப் போன் போட்டு முறையிட்டார். அவன் ‘மாத்திரை போட்டீகளா?’ என்று கேட்டுவிட்டு மெஷினைப் பார்க்கப் போய்விட்டான். தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒரு மாதிரி உறுமுகிறது என்று மின்வாரியத்துக்கும் போன் செய்தார்.

“இவுகளுக்கு வந்தது பத்தாதுன்னு இப்ப ஊருக்கெல்லாம் பங்கு வைக்காக,” என்றாள் பொன்னுத்தங்கம்.

இன்று காலை கம்பெனி ஆபீஸில் அவள் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அவர் அவளைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து அப்படியே சாய்ந்தார்.

“விருதுநகர்,” என்றார். “மாப்ளயக் காரெடுக்கச் சொல்லு.”

சிவகாசியில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கெல்லாம் இராமகிருஷ்ணன் உள்ளே வந்தால் நர்ஸுகள் எழுந்திருப்பதை நிறுத்தி நாளாகியிருந்தது.

*

விருதுநகர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸுகள் எழுந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. டியூட்டி டாக்டர் பிரீத்திகா ஓடிவந்தாள். ஈரோட்டுப் பெண். வேலையில் சேர்ந்து அதிக நாளாகவில்லை என்பது அவள் ஓடிவந்ததிலேயே தெரிந்தது.

“என்ன பண்ணுதுங்க? எங்க வலிக்குது? கைக்குப் பரவுதுங்களா?”

“டாக்டர், இவளப் பாருங்க,” என்றார் இராமகிருஷ்ணன், மனைவியைக் காட்டி.

“பாக்கலாங்க. முதல்ல உங்களைப் பாத்துக்கறேன்.”

“இல்ல, மொதல்ல இவளப் பாருங்க.”

“இப்படித்தாம்மா,” என்றாள் பொன்னுத்தங்கம். “நீங்க ஒங்க வேலையப் பாருங்க.”

மணிகண்டராஜ் கட்டைப்பையிலிருந்து ரிப்போர்ட் ஃபைலை எடுத்து நீட்டினான். ஒரு தலையணை கனம் இருக்கும். பிரீத்திகா நின்றபடி புரட்டினாள். ஈசிஜி நார்மல். எக்கோ நார்மல். ஆஞ்சியோ நார்மல். அடுத்த தாளில் டாக்டர் சீனிவாசகத்தின் கையெழுத்து. அந்தத் தாளுக்கு வந்ததும் அவள் தோள் இறங்கியது. நர்ஸ் சுப்புத்தாயைப் பார்த்தாள். சுப்புத்தாய் ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள்.

மணிகண்டராஜ் அதைப் பார்த்தான். ஒரு வருடத்தில் பல இடங்களில் பார்த்த அதே காட்சி. அந்தத் தாள்வரை அத்தான் நோயாளி. அதற்குப் பிறகு அவர் தொந்தரவு.

“டாக்டர், இன்னைக்கு வேற மாதிரி இருக்கு,” என்றான். “சத்தமே போடல. வேர்க்கக்கூட இல்ல.”

“வேர்க்கலைன்னா நல்லதுதானுங்க. மருந்து ரெகுலரா எடுத்துக்கறாருங்களா?”

“மருந்தா?” பொன்னுத்தங்கம் தலையை ஆட்டினாள். “மருந்துப் பக்கமே விடுறதில்லம்மா.”

“எவ்வளவு நாளாங்க?”

“வருசமாச்சு. சாவி என் இடுப்புலதான் இருக்கு.”

பிரீத்திகா நிமிர்ந்தாள். “பூட்டி வெச்சிருக்கீங்களா? ஏனுங்க?”

“கை நடுங்குதுல்ல. நடுங்குற கையோட மருந்தைத் தொட்டா இவுக மட்டுமா போவாக? கூட இருக்கிற நாலு பேரும்ல சேந்து போவாக!”

“அப்படியெல்லாம் ஆகாதுங்க. அந்த மருந்துக்கு அவ்வளவு சைடு எஃபெக்ட் கிடையாது.”

“யாரு சொன்னா? போன வருசம் ஷெட்டோட போச்சு. ஒத்தச் செங்கல் மிஞ்சல.”

செங்கல் எங்கே வந்தது என்று பிரீத்திகாவுக்குப் புரியவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தவளாகப் பேனாவை மூடினாள். “சிஸ்டர், சாருக்குத் தூங்கறதுக்கு ஒரு ஊசி போட்டு அந்தக் கட்டில்ல படுக்க வைங்க. மருந்தை நிறுத்துனதால வந்ததுதான். சீனிவாசகம் சார்கிட்ட நான் பேசிக்கறேன்.”

சுப்புத்தாய் சிரிஞ்சை எடுத்தாள். மணிகண்டராஜ் ஓர் அடி முன்னால் வந்தான். “டாக்டர், ஒரு ஈசிஜியாவது…”

“போன மாசம் எடுத்ததே இருக்குதுங்களே.”

பொன்னுத்தங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து தாடையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள். “தூங்கட்டும் தம்பி. நான் கம்பெனிக்குப் போயிட்டு சாயங்காலம் வாரேன். இந்தூர் லோடு நிக்குது.” எழுந்தாள். எழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சுப்புத்தாய் பஞ்சால் இராமகிருஷ்ணனின் கையைத் துடைத்தாள். ஊசி முனை கிட்டே வந்தது. அதுவரை கண்ணை மூடியிருந்தவர் பேசினார்.

“மாத்திரைன்னு கேளுங்க டாக்டர்.”

“என்னங்க?”

“மாத்திரை போடுறாரான்னு கேளுங்க. எங்க ஊர்ல மருந்துன்னா வெடிக்கும்.”

சுப்புத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சொந்த ஊர் பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த அச்சங்குளம். “ஆமா டாக்டர். இவுக பட்டாசு மருந்தைச் சொல்றாக. நாந்தான் கவனிக்கல.”

“அப்ப… மாத்திரை?”

“காலையில ஒண்ணு, படுக்கப் போகையில ஒண்ணு,” என்றாள் பொன்னுத்தங்கம், சுவரை விடாமல். “அதெல்லாம் தவற விட்டதே இல்ல. அதை ஏன் பூட்டி வைக்கணும்? என்னம்மா கேள்வி இது?”

பிரீத்திகாவின் காது மடல் சிவந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவருக்கு, அடங்கியிருந்த வலி ஏன் இன்று வர வேண்டும்? அதுவும் வேர்வை இல்லாமல், சத்தம் இல்லாமல்? அவள் மூடிய பேனாவைத் திறந்தாள்.

“சிஸ்டர், ஊசி வேண்டாம். ஈசிஜி மெஷினைக் கொண்டாங்க.”

மெஷின் உருண்டு வந்தது. வயர்களைப் பிரித்தார்கள். மணிகண்டராஜ் பெருமூச்சு விட்டான். அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் இராமகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

“மொதல்ல இவளுக்கு மாட்டுங்க.”

“யாருக்குங்க?”

“என் வீட்டம்மாவுக்கு.”

“அவங்களுக்கு எதுக்குங்க?”

“சாம்பிள்,” என்றார் இராமகிருஷ்ணன்.

சுப்புத்தாய் வயரோடு பிரீத்திகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க கம்பெனியில சாம்பிள் பாக்காம லோடு ஏத்துறதில்ல டாக்டர். இம்புட்டு வயர மாட்டுறீக. கரண்டுல ஓடுற சாமான். எனக்குப் பயமா இருக்கு. மொதல்ல இவளுக்கு மாட்டுங்க. இவளுக்கு ஒண்ணும் ஆகலன்னா எனக்கு மாட்டிக்கிறேன்.”

“அத்தான், ஒரு வருசத்துல ஒங்களுக்கு எத்தன ஈசிஜி…”

“அதெல்லாம் வேற மெஷினு.”

பொன்னுத்தங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து படுத்திருந்தவர், வலியை மறந்து முழங்கையில் நிமிர்ந்து வேடிக்கை பார்த்தார்.

“மானத்த வாங்காதீக! கட்டுன பொண்டாட்டியவா சாம்பிளுக்குக் கொளுத்துவாக?”

“நீதானே தங்கம் அருள்பாண்டிகிட்டச் சொன்ன? பாக்காம ஒண்ணு ஏறக் கூடாதுன்னு.”

“நான் கம்பெனிக்குப் போறேன்.” அவள் கதவைப் பார்த்து நடந்தாள்.

மணிகண்டராஜ் குறுக்கே போய் நின்றான். அவனுக்கு ஒரே கவலைதான். அத்தானுக்கு நிஜமாகவே மாரடைப்பு ஓடிக்கொண்டிருந்தால், இந்தச் சண்டையில் போகிற ஒவ்வொரு நிமிடமும் அவர் உயிரிலிருந்து போகிறது.

“அக்கா, அஞ்சு நிமிசம். படுத்து எந்திரி. அவுக மனசு ஆறட்டும். ஒன் கால்ல விளுறேன்.”

“எனக்கு லோடு நிக்குதுலே!”

“அத்தான் போயிட்டா லோடு யாருக்குக்கா?”

பொன்னுத்தங்கம் அவனை முறைத்தாள். புருஷனை முறைத்தாள். கால் ஒடிந்தவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி உதறினாள்.

“ஒடனே எடுத்து விடு தாயி,” என்று சுப்புத்தாயிடம் சொல்லிக்கொண்டே திரைக்குப் பின்னால் போனாள். “இவுகளக் கட்டுனதுக்கு இன்னும் என்னென்ன மாட்டிக்கிடணுமோ.”

திரை மூடியது. மெஷின் கிர்ரென்றது. தாள் ஓடும் சத்தம். இராமகிருஷ்ணன் ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்போல் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

மெஷின் நின்றது. மறுபடி ஓடியது.

“எதுக்கு ரெண்டாந்தடவ?” பொன்னுத்தங்கத்தின் குரல். “மொதத் தடவ புஸ்வாணமாப் போச்சா?”

சுப்புத்தாய் தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள். சிரிப்பு இல்லை. பிரீத்திகா தாளை வாங்கி, ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தாள்.

“இது யாரோடதுங்க சிஸ்டர்?”

“அந்தம்மாவோடது.”

பிரீத்திகா திரைக்குள் போனாள். “அம்மா, இந்தப் பல்வலி எத்தனை நாளா இருக்குதுங்க?”

“நாலஞ்சு நாளா வரும், போகும். ஆபீஸ் படியேறுனா வரும். இன்னைக்குத்தான் வந்தது போக மாட்டேங்குது.”

“படியேறுனா பல்லு வலிக்குமாங்க?”



“சீசன்ல எல்லாம் வலிக்கும்,” என்றாள் பொன்னுத்தங்கம். குரலில் பழைய சுருதி இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. திரை விலகியது. இரண்டு நர்ஸுகள், ஒரு பெரிய டாக்டர், கொக்கியில் மாட்டிய ஆக்ஸிஜன் மாஸ்க் எல்லாம் வந்தன. ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள். கையில் ஊசி ஏறியது. அவளுக்கு நடந்துகொண்டிருப்பது மாரடைப்பு என்றும், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருக்கிறது என்றும் பெரிய டாக்டர் சொன்னார்.

“எனக்கா?” பொன்னுத்தங்கம் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கேட்டாள். “நல்லாப் பாருங்க. ஹார்ட்டு அவருக்குத்தான். நான் சாம்பிளுக்குத்தான் படுத்தேன்.”

“பேசாதீங்கம்மா.”

“வயர மாத்தி மாட்டிட்டாகளான்னு பாருலே மணி.”

மணிகண்டராஜ் பார்க்கவில்லை. அக்கா உதறிவிட்டுப் போன செருப்பைக் குனிந்து எடுத்தான். அவளைக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று யாரும் கேட்பதற்கு முன்பே இராமகிருஷ்ணன் இறங்கித் தன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய் மனைவி பக்கத்தில் நிறுத்தினார். அவளைத் தூக்கி வைக்க ஒரு பக்கம் பிடித்தார். நெஞ்சைப் பிடித்திருந்த கை அது. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

*

அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். வலி இறங்கியது. மானிட்டரில் ஓடிய கோடு ஒழுங்குக்கு வந்தது. மதுரையில் ஆஞ்சியோவுக்கு ஏற்பாடு செய்து, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது பொன்னுத்தங்கம் தம்பியைக் கிட்டே கூப்பிட்டாள்.

“அருள்பாண்டிட்டக் கேளு. சாம்பிள் பாத்துட்டானான்னு.”

“பாத்துட்டானாம்க்கா. நல்லா இருக்காம்.”

“ஏத்தச் சொல்லு.” கண்ணை மூடினாள். பிறகு மூடியபடியே, “அவுகளுக்கு மத்தியான மாத்திரை கெடையாது. சாப்பிட மட்டும் சொல்லு,” என்றாள்.

ஆம்புலன்ஸில் கூடப் போன நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும்தான் இடம் இருந்தது. இராமகிருஷ்ணனும் மணிகண்டராஜும் காரில் பின்தொடர்வதாக ஏற்பாடு. கிளம்பும்போது டாக்டர் பிரீத்திகா வாசல்வரை வந்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தா கஷ்டமாயிருக்குமுங்க,” என்றாள். “ஒரு வருசம் தூங்காம, கவலையைத் தனியாச் சுமந்துக்கிட்டு ஓடியிருக்காங்க. அதுவும் சேந்துதான் இதயத்துக்கு வந்திருக்குது. சார் சாம்பிள் கேட்டதும் நான் மனசுக்குள்ள சிரிச்சேன். எப்படியோ, அவரோட பயம் அவங்களைக் காப்பாத்திருச்சு. அதிர்ஷ்டங்க.”

இராமகிருஷ்ணன் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். போன வருடம் பேப்பரில் போட்டிருந்த அதே வார்த்தை.

கார் நாலுவழிச் சாலையில் ஏறியது. முன்னால் ஆம்புலன்ஸ் வழி விலக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை லாரிகள் ஒதுங்கின. முன் சீட்டில் இராமகிருஷ்ணன் பெல்ட் போட்டு, சம்மணம் போடாத குறையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நல்ல வேளை அத்தான், ஒங்களுக்கு அந்த நேரத்துல மெஷின் மேல பயம் வந்துச்சு.”

“மெஷின் மேல எனக்கென்னலே பயம்? கண்ணை மூடிக்கிட்டு எனக்கு நானே வயர் மாட்டுவேன்.”

மணிகண்டராஜ் திரும்பிப் பார்த்தான்.

“ரோட்டைப் பாரு,” என்றார் இராமகிருஷ்ணன். “ஒரு வருசமா எத்தன ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருப்பேன்? செவுத்துல ஒட்டுனது ஒண்ணு விடாம வாசிச்சிருக்கேன். பொம்பளைகளுக்கு நெஞ்சு வலிக்காமலே வருமாம். தாடை இளுக்குமாம். வேர்க்குமாம். படி ஏற முடியாதாம். படம் போட்டே வச்சிருக்கான். ஒன் அக்காவுக்கு எதுக்க உக்காந்து நாலு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“அப்ப, பல்லுக்கு ஆஸ்பத்திரி போகணும்னு போன் போட்டது…”

“அவகிட்டச் சொன்னேன். ஒங்க சீக்க எனக்கு ஒட்டாதீகன்னுட்டா. ஒனக்குப் போன் போட்டேன். நீ என்ன கேட்ட?”

மணிகண்டராஜ் என்ன கேட்டான் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே யாரும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் சைரன் மட்டும் சொல்லிக்கொண்டே போனது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் மணிகண்டராஜுக்கு உறைத்தது. கடைசிவரை அத்தானுக்கு ஈசிஜி எடுக்கவே இல்லை. கலவரத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

“அத்தான்! ஒங்க வலி? அதை விட்டுட்டோமே! இப்ப எப்படி இருக்கு? மதுரை போனதும் மொதல்ல ஒங்களுக்கு ஒரு ஈசிஜி எடுத்துருவோம்.”

இராமகிருஷ்ணன் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். காற்றை இழுத்துச் சுவாசித்தார்.

“எனக்கு எங்கலே வலிச்சுச்சு?” என்றார். “எனக்கு வலிக்குதுன்னாத்தானே நீ காரை எடுப்ப.”